எட்டும் முழுசாக இருந்தன

அக்காவுக்கு வேலையே உடைப்பதுதான். தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் ஆளுயர இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் இரண்டு தாடைகளுக்கு நடுவே இரும்புத் துண்டைக் கவ்வ வைத்து, அறும்வரை இழுத்து, எத்தனை டன்னில் அறுந்தது என்று எழுதி வைக்க வேண்டும். பதினான்கு வருடமாக இதைத்தான் செய்கிறாள். "காலையில போய் நாலு சாமானை உடைச்சுட்டு அதுக்குச் சம்பளமும் வாங்கிட்டு வர்ற ஆளு நீ ஒருத்திதான்" என்று தையற்கடை வைத்திருக்கும் அவள் கணவர் கேலி செய்வார். வீட்டில் கைதவறி ஒரு தம்ளர் விழுந்தாலும், "என்ன, ஓவர்டைமா?" என்பார். ஆனால் அந்த வேலையில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. வாயாலேயே முழம் போடுகிறவர்கள் நிறைந்த உலகத்தில் நாம் ஒருத்தியாவது இழுத்துப் பார்த்துச் சொல்கிறோமே என்ற கர்வம். இந்தக் கதையில் அடி வாங்கப்போவதும் அதுதான்.

அவளுடைய தம்பி கார் மெக்கானிக். பத்து வருடம் யார் யார் பட்டறையிலோ கையைக் கறுப்பாக்கிக்கொண்டு, ஆறு மாதம் முன்புதான் சொந்தமாக ஒரு ஷட்டரைத் தூக்கினான். சாதாரண காரை வேகக் காராக மாற்றித் தருவது அவன் ஆசை. அந்த ஆசைக்கு முதல் ஆளாக வந்து மாட்டியவர் ஒரு பல் டாக்டர். ஆளைப் பார்த்தால் எறும்புக்கும் வலிக்காமல் பல் பிடுங்குகிறவர் மாதிரி இருப்பார். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் ஆளே வேறு. கார் கிளப்காரர்கள் வருடம் ஒருமுறை மலைப்பாதையை அடைத்து ஏற்றப் பந்தயம் நடத்துவார்கள். அதில் ஓட்டுவதற்காகத் தன் காரின் இன்ஜினைப் பலப்படுத்தித் தரச் சொல்லியிருந்தார். மற்ற நாளெல்லாம் அதே காரில்தான் மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவார். கிளப்பில் இவரைப் போல இன்னும் இருபது பைத்தியங்கள். இந்த ஒரு கார் நன்றாக ஓடினால் அந்த இருபதும் தம்பியின் வாசலில் நிற்கும். ஓடாவிட்டால் தூக்கிய ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. இந்தப் பல் டாக்டர் போனா என் பேரே போச்சுக்கா" என்றான் தம்பி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்காவின் சமையலறை மேசையில் மூன்று பெட்டிகளைப் பரப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

மூன்றிலும் இருந்தது ஒரே சாமான்தான், கனெக்டிங் ராட் போல்ட். இன்ஜினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிறதே, அதைக் கீழே சுழலும் தண்டோடு சேர்த்துப் பிடித்திருப்பவை இவைதான். சுண்டுவிரல் நீளம், ஒரு சிலிண்டருக்கு இரண்டு, நாலு சிலிண்டருக்கு எட்டு. வேகமாக ஓட்டும்போது வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் இழுபடும். எட்டில் ஒன்று போனாலும் பிஸ்டனோடு இருக்கும் ராட் இன்ஜினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். எண்ணெய் சக்கரத்தில் கொட்டும். ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் பள்ளமுமாக இருக்கிற பாதையில் அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் பெட்டி பேர்பெற்ற கம்பெனியுடையது. கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்தால் எட்டும் எண்ணெய் பூசி, கறுப்பாக, களையே இல்லாமல் படுத்திருந்தன. எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற விவரத்தாளும் உள்ளே இருந்தது. விலை, பட்டறையின் இரண்டு மாத வாடகை. மற்ற இரண்டு பெட்டிகளும் பேர் தெரியாத ஒருவர் செய்தவை. வெள்ளியாய்ப் பளபளத்தன. விவரத்தாள் கிடையாது. விலை கால்வாசிதான்.

"ரெண்டும் ஒரே அடுப்புல வெந்ததுதான், அந்த விலை பேருக்குன்னு சத்தியம் பண்றார் ஸ்பேர் கடைக்காரர்" என்றான் தம்பி.

"கடைக்காரர் சத்தியத்தை எந்த மெஷின்ல மாட்டி இழுக்கிறது? நல்லதையே வாங்கிப் போடேன். டாக்டர்கிட்ட பணத்துக்கா பஞ்சம்?"

"பஞ்சமில்ல. ஆனா அலாய் வீலுக்குப் போச்சு, ஊரைக் கூட்டுற சைலன்சருக்குப் போச்சு, சிவப்புத் தையல் போட்ட சீட்டுக்குப் போச்சு. கண்ணுக்குத் தெரியுறதுக்கெல்லாம் கை தாராளம். உள்ள போறதுக்குக் கேட்டா, அதை யார் பார்க்கப் போறாங்கங்கிறார். இதை வாங்கினா என் கூலியிலதான் கை வைக்கணும்."

அக்கா பளபளக்கும் போல்ட் ஒன்றை எடுத்து விரலால் உருட்டினாள். மரையில் பிசிறு இல்லை. "உடைச்சாத்தான் தெரியும். உடைச்சுட்டா மாட்ட முடியாது."

"அதுக்குத்தானே ரெண்டு பெட்டி. ஒண்ணு உனக்கு உடைக்க, ஒண்ணு எனக்கு மாட்ட. அப்பவும் பாதி விலைதான். ஒரே அட்டைப்பெட்டியிலேருந்து எடுத்தது. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

பையன் விவரமாகத்தான் இருக்கிறான் என்று அக்காவுக்கு உள்ளுக்குள் பெருமை. பக்கத்து அறையில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த கணவர் மட்டும் தலையைத் தூக்காமல் ஒரு வார்த்தை சொன்னார். "துணியை நான் இழுத்துப் பார்த்து வாங்குறதில்லப்பா. தண்ணியில நனைச்சு ஒரு நாள் போட்டு வைப்பேன். சுருங்குற துணி கடையில சுருங்காது."

"மாமா, இது துணி இல்ல, எஃகு" என்றான் தம்பி. மூவரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு வேறு பக்கம் போய்விட்டது.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, அக்கா மூன்று போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் மாட்டினாள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம். முதலாவது, பெட்டி மேல் அச்சடித்திருந்த வலிமை எண்ணைத் தாண்டித்தான் அறுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, விலை அதிகமான கம்பெனியின் எண்ணையே தாண்டியது. அவளுக்கே நம்ப முடியவில்லை. தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னபோது, "விலையைக் கூட்டிப் போட்டா தரம்னு நெனச்சுடறாங்கக்கா" என்று அவன் குதித்தது போனிலேயே கேட்டது.

மறுநாள் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. விவரத்தாள் இல்லையே, எவ்வளவு இறுக்குவது? அக்கா அதையும் விடவில்லை. கனமான இரும்புக் கட்டை ஒன்றில் நாலாவது போல்ட்டை முடுக்கி, எந்த இறுக்கத்தில் எவ்வளவு நீள்கிறது என்று மைக்ரோமீட்டரால் அளந்து, இந்த எண்ணில் நிறுத்து என்று சொன்னாள். கட்டையை அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். சோதனை முடிவைத் தாளில் எழுதித் தரச் சொல்லித் தம்பி கேட்டான். எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அவன் அதைப் பட்டறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினான். விலை அதிகமான பெட்டி கடைக்குத் திரும்பிப் போனது. அன்றே எட்டு போல்ட்டும் இன்ஜினுக்குள் போய்விட்டன.

சரியாக ஒரு வாரம் கழித்து, அடுத்த செவ்வாய்க்கிழமை, ஜன்னலோரம் தூசி தட்டப்போன அக்காவின் கையில் என்னவோ இடறியது. போல்ட்டின் தலை. தனியாகக் கிடந்தது. உடம்பு மட்டும் கட்டைக்குள்ளேயே இருந்தது.

யாரும் தொடவில்லை. யாரும் இழுக்கவில்லை. எட்டு டன் இழுப்பைத் தாங்கிய சாதி, சும்மா ஜன்னலில் உட்கார்ந்திருந்தபோது தலையை உதறிப் போட்டிருந்தது. உடைந்த இடத்தை உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் பார்த்தாள். அவள் இழுத்து அறுத்த மூன்றும் இடையில் நீண்டு மெலிந்து அறுந்திருந்தன. இது கல்கண்டை உடைத்தது போல மணிமணியாகப் பிளந்திருந்தது.

அப்போதுதான் படித்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது, வந்து என்ன செய்ய. கடினமான எஃகுக்குப் பளபளப்பு முலாம் போடும்போது அமிலத்திலிருந்து ஒரு வாயு உள்ளே புகுந்துகொள்ளும். முலாம் போட்ட கையோடு அடுப்பில் பல மணி நேரம் சுட்டு அதை வெளியேற்ற வேண்டும். அடுப்புச் செலவை மிச்சம் பிடிக்கிறவர்கள் சுடுவதில்லை. அந்த போல்ட் அவசரமாக இழுத்தால் சிங்கம் மாதிரி நிற்கும். இறுக்கிவைத்துக் காத்திருந்தால்தான் ஒரு நாளோ பத்து நாளோ கழித்துத் தானே உடையும். அவளுடைய தொழிற்சாலையிலும் இறுக்கிவைத்துக் காத்திருக்கும் சோதனை உண்டு. அது வேறு அறை, வேறு ஆள். அங்கே தேறியவைதான் இவளிடம் வரும். பதினான்கு வருடமாக இரண்டு நிமிடத்தில் உண்மையைத் தெரிந்துகொண்டே பழகியவளுக்கு, இரண்டு நிமிடத்தில் தெரியாத உண்மையும் உண்டு என்பது மறந்தே போயிருந்தது. துணியை நனைத்துவைக்கிற மனிதருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று அவளுக்கு அழுகையே வந்தது.

உடனே தம்பிக்குப் போன் செய்தாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் செய்யவில்லை. ஒரு மணி நேரம் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். நாம்தான் அதிகமாக இறுக்கியிருப்போமோ என்று ஒரு மனசு. அதே எண்ணைத்தானே அவனுக்கும் சொன்னாய் என்று இன்னொரு மனசு. ஒன்றுதானே உடைந்தது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கலாமே. இன்ஜினைக் காரில் ஏற்றி ஓட்டியும் பார்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். இப்போது சொன்னால் அவன் பிழைப்பும் தன் பெயரும் ஒன்றாகப் போகும். இந்தத் தலையைக் குப்பையில் போட்டால் கேட்க ஒரு ஆள் கிடையாது. இதையெல்லாம் அவள் நினைத்தாள், நினைக்கவில்லை என்று பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பிறகு போனை எடுத்தாள்.

"இன்ஜினைப் பிரிக்கணும்டா."

தம்பி முதலில் சிரித்தான். அக்கா முழுவதும் சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றது. "டாக்டர் நேத்துதான் வந்து சத்தத்தைக் கேட்டுட்டு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். ஒரு போல்ட்டுக்காகவா பிரிக்கச் சொல்ற?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறுன்னு நீதானே சொன்ன."

"மூணு சோறு நல்லா வெந்திருந்துச்சே. நீயே பார்த்துட்டு, நீயே கையெழுத்து போட்ட."

"போட்டேன். இப்ப நானே அந்தக் கையெழுத்தை அடிக்கிறேன். தப்பு என்னோடது. ஆனா பிரிச்சே ஆகணும்."

அந்தப் பக்கம் ஸ்பேனரைத் தூக்கிப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "பிரிக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு அக்கா பட்டறைக்குப் போனாள். இன்ஜின் காருக்கு வெளியே இரும்புத் தாங்கியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியில் எட்டு போல்ட்டும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் எந்த சிலிண்டர் என்று தம்பி புள்ளி குத்தி வைத்திருந்தான். எட்டும் முழுசாக இருந்தன. அவள் உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. தம்பி பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். அதற்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து டாக்டரும் வந்துசேர்ந்தார். பிரித்துப் போட்டதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "நல்லா ஓடின இன்ஜினை எதுக்குப் பிரிச்சீங்க?" தம்பி சொன்னான். அவர் ஒரு போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இதுல என்ன குறை? பளபளன்னு இருக்கு."

"அந்தப் பளபளப்புதான் சார் குறை" என்றாள் அக்கா.

அவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிட்டப் போய்ப் படித்தார். "மூணு போல்ட்டும் தேறிடுச்சுன்னு இதுல போட்டிருக்கே. யார் எழுதினது?"

"நான்தான் சார். தப்பா எழுதிட்டேன்."

"போன வாரம் நல்லதுன்னீங்க. இந்த வாரம் கெட்டதுங்கிறீங்க. அடுத்த வாரம் என்ன சொல்வீங்க?" அவர் குரலை உயர்த்தவே இல்லை, பல்லில் கூச்சம் இருக்கிறதா என்று கேட்கிற அதே குரல். "என் ஞாயிற்றுக்கிழமை போச்சு. மூடிக் கொடுத்துடுங்க. இனிமே வேற இடத்துல பார்த்துக்கறேன்." வாசல் வரை போனவர் திரும்பி, கிளப்பில் கேட்டால் நடந்ததைத்தான் சொல்லுவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி அன்றே தன் கூலியிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கிவந்தான். பெட்டியின் சீலைப் பிரித்தபடி, "இதை மட்டும் யார் உடைச்சுப் பார்த்தா?" என்றான். கேள்வியில் காரம் இருந்தது.

"அவங்க பார்த்திருக்காங்க. உடைச்சும் பார்த்திருக்காங்க, இறுக்கி வெச்சும் பார்த்திருக்காங்க. ரெண்டு மாச வாடகை இந்த எட்டுக்கு மட்டும் இல்லடா. அவங்க சோதிச்சுப் பாழாக்கினதுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்."

"அதைப் போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை சொல்லியிருக்கலாம்."

கிளம்பும்போது அவள், பளபளக்கும் எட்டையும் ஒரு தடித்த இரும்புப் பலகையில் அதே எண்ணுக்கு முடுக்கிச் சுவரில் மாட்டிவைக்கச் சொன்னாள். "எதுக்கு, அழகுக்கா?" என்றான். ஆனால் மாட்டினான். வீம்புக்காகத்தான் மாட்டியிருப்பான், அக்கா சொன்னது தப்பு என்று தினமும் பார்ப்பதற்காக.

பந்தயம் நடந்து முடிந்தது. டாக்டர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிளப்பிலிருந்து எண்ணெய் மாற்றக்கூட ஒருவரும் வரவில்லை. அக்கா தினமும் மத்தியானம் போன் செய்வாள். "எட்டும் இருக்கு" என்பான் தம்பி, வைத்துவிடுவான். நாலாம் நாள் எட்டும் இருந்தன. ஏழாம் நாளும் இருந்தன. எட்டாம் நாள் அவன் போனையே எடுக்கவில்லை. அன்றைக்கு அக்கா இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு, ஒன்றாவது உடையட்டுமே என்று வேண்டிக்கொண்டாள். நினைத்த மறுகணம் வெட்கமாக இருந்தது. ஒரு பொருள் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள், தன் சொல் நிலைக்க வேண்டும் என்பதற்காக அது கெட்டதாக இருக்கட்டும் என்று கும்பிடுகிறாள். அன்று இரவு கணவரிடம் அதைச் சொன்னபோது அவர் கேலி செய்யவில்லை. "சுருங்காத துணியும் உண்டும்மா. அதுக்காக நனைச்சது வீணுன்னு நான் நெனைச்சதில்ல" என்றார். அது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தம்பி பேசினால் இன்னும் ஆறுதலாக இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அவனே கூப்பிட்டான்.

"அக்கா."

"சொல்லுடா."

"சாப்பிட்டுட்டு இருந்தேன். டிக்குன்னு ஒரு சத்தம். பல்லியா இருக்கும்னு நெனைச்சேன்." அவன் மூச்சு வாங்கியது. "ஒரு தலை கீழ கிடக்கு. நான் கிட்டயே போகலக்கா. யாரும் போகல."

அக்கா பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். அன்று வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. சந்தோஷம் என்று ஒன்று வரவில்லை. "தலையில எத்தனை புள்ளி?"

"மூணு. மூணாவது சிலிண்டர்."

அவளுக்கு அந்த மலைப்பாதை கண்ணில் வரவில்லை. காலையில் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நிற்கிற கார்கள்தான் வந்தன.

"டாக்டருக்குச் சொல்லட்டுமா?" என்றான் தம்பி.

"சொல்லு."

"நம்ப மாட்டார். நானே உடைச்சுட்டுக் கதை விடறேம்பார்."

"நம்பலேன்னாலும் சொல்லு. மிச்சம் ஏழையும் தொடாம அப்படியே வை."

"சரிக்கா." அவன் வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஐந்து வயதில் கீழே விழுந்துவிட்டு, அடிபடவில்லை என்று வந்து சொல்லும்போது அவன் இப்படித்தான் உறிஞ்சுவான். "துணியில வரிசையா வெச்சு நான் எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா? எட்டும் முழுசா இருந்துச்சேக்கா."

"ஆமாண்டா" என்றாள் அக்கா. "முழுசாத்தான் இருந்துச்சு."